பதினோரு புளியங்கொட்டை

கிடாவை இடித்தது என் ஜீப்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் நிறுத்தி, 'அது சரி, நீ இடித்தாயா இல்லையா?' என்று யாரும் என்னைக் குடையக் கூடாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மேல்நெல்லிமூலைக்காரர்கள் என்னிடம் அப்படிக் கேட்கவும் இல்லை. உன் வண்டிதான் இடித்தது என்றார்கள். 'யாரு பாத்தது?' என்றேன். இடிக்கவில்லை என்று ஒரு தடவைகூட நான் சொன்னது கிடையாது. வேண்டுமானால் போய் விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் பேர் தெய்வசிகாமணி. சொந்த ஊர் ரிஷிவந்தியத்துக்குப் பக்கம். பி.யூ.சி. வரைக்கும் படித்தவன். தேறினேனா என்று கேட்காதீர்கள், அதுவும் எனக்குப் பிடிக்காத கேள்வி. படிப்பை விட்டபிறகு பிடித்தது ஸ்டீயரிங். கள்ளக்குறிச்சியிலிருந்து மலையேறி வரும் பஸ் வெள்ளிமலையோடு திரும்பிவிடும். அங்கிருந்து மேல்நெல்லிமூலைக்குப் பதினோரு கிலோமீட்டர் மண்பாதை. அதில் ஓடுவது என் ஜீப் ஒன்றுதான். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினெட்டுப் பேரை ஏற்றுவேன், மேலே பலாப்பழம், பக்கத்தில் தொங்கிக்கொண்டு நாலு பேர். ஒருத்தரையும் கீழே போட்டதில்லை.

வெள்ளிமலையில் ஜீப் வைத்திருக்கும் நாங்கள் ஆறு பேர். ஆளுக்கு ஒரு பாதை. ஒருத்தன் பாதையில் இன்னொருத்தன் சக்கரம் வைக்க மாட்டான். இந்தப் பாதை கையைவிட்டுப் போனால் எனக்கு வேறு பாதை கிடையாது. வண்டியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய் அண்ணன் வயலில் களை பிடுங்க வேண்டியதுதான். களை பிடுங்குவது ஒன்றும் கேவலமில்லை. வரப்பில் நின்றுகொண்டு, படித்த பிள்ளை குனிந்து நிற்கிறதே என்று அண்ணி ஒரு பார்வை பார்ப்பாள். 

இனி கிடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அம்மாசியின் கிடா. அம்மாசி மேல்நெல்லிமூலையில் பெரிய வாய். கையில் ஒரு ஏர் நிலம், வாயில் நூறு ஏர். அவர் மனைவி குஞ்சம்மாளுக்கு நாலு வருஷம் முன்னால் விஷக்காய்ச்சல் வந்தபோது, பிழைத்தால் காளிக்குக் கிடா விடுகிறேன் என்று வேண்டிக்கொண்டார். பிழைத்துவிட்டார். குட்டியாக விட்ட கிடா நாலு வருஷத்தில் கன்றுக்குட்டி உயரம் வளர்ந்தது. சாமிக்கு நேர்ந்த கிடாவை யாரும் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. யார் சாமைக்கொல்லையில் நுழைந்தாலும் கும்பிட்டுவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டது. வருகிற ஆடித் திருவிழாவில் அதற்கு முடிவு என்று எல்லாரும் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மார்கழியில் ஒரு காலை, எட்டு மணி பஸ்ஸுக்கு ஆள் ஏற்றுவதற்காக விடிகிற நேரத்தில் காலி வண்டியாக மேலே போய்க்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பனி. பலாமரத்து வளைவில் பாதை நடுவில் அந்த மகாராஜா படுத்திருந்தார். பிரேக்கை மிதித்தேன், சக்கரம் ஈரத்தில் வழுக்கியது. மெதுவாகத்தான் இடித்தது, ஆனால் இடித்துவிட்டது. இறங்கி ஓடினேன். கிடா எழுந்து நின்று என்னைப் பார்த்தது. இடது கொம்பு அடியோடு ஒடிந்து பாதையில் கிடந்தது. கேனிலிருந்த தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டேன், முதுகைத் தடவிக்கொடுத்தேன். அது பாட்டுக்குப் புல் மேயப் போய்விட்டது. நாலு பக்கமும் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. வண்டியை எடுத்தேன்.

உயிருக்கு ஒன்றுமில்லையே, அதற்கு எதற்குப் பஞ்சாயத்து என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த மலையில் ஒரு குறையும் இல்லாத கிடாதான் சாமிக்கு ஆகும். காது கிழிந்தால் ஆகாது, கால் நொண்டினால் ஆகாது, கொம்பு போனால் ஆகவே ஆகாது. சாமிக்கு விட்டது என்பதால் வேறு எதற்கும் வெட்டவும் கூடாது, விற்கவும் கூடாது. ஆக, ஒரே இடியில் அந்தக் கிடாவுக்கு ஆயுசு கெட்டியாகிவிட்டது. சாகும்வரை ஊர்க் கொல்லையெல்லாம் அதற்குத்தான். ஊருக்கே என்மேல் ஆத்திரம் வந்ததில் ஆச்சரியமில்லை.

அம்மாசி கேட்டது ஒன்றே ஒன்று. பாதையின் அடியில், வெள்ளிமலை முடிகிற இடத்தில் ஓர் எல்லைக்கல் இருக்கிறது. இந்த டைவர் வண்டி இனி எந்தக் காலத்திலும் அந்தக் கல்லைத் தாண்டக் கூடாது. அதற்காகத்தான் ஒரு அமாவாசையன்று காளி கோயில் பாறையில் ஊர் கூடியது.

அந்த ஊரில் நியாயம் பார்க்கிற விதம் வேறு. நடுவில் இரண்டு முறம் வைப்பார்கள், வழக்குக்காரன் முறம் ஒன்று, எதிராளி முறம் ஒன்று. பேசுகிறவன் ஒரு விஷயத்தைச் சொன்னதும் சபை 'ஆமா' என்றால் அவன் முறத்தில் ஒரு புளியங்கொட்டை விழும். கடைசியில் எண்ணிப் பார்ப்பார்கள். எந்த முறத்தில் கொட்டை ஜாஸ்தியோ அவன் கேட்டது நடக்கும். கொட்டை வைக்கிறவர் தைலம்மாள் என்கிற அம்மாள். இரண்டு பக்கத்துக்கும் உறவில்லாதவர், வாய் திறக்காதவர் என்பதால் அந்த வேலை அவருக்கு. தீர்ப்பைச் சொல்கிறவர் ஊர்ப் பெரியவர் இருசப்பன். அவர் முப்பது வருஷமாகப் பேச்சுக் கேட்டுக் கேட்டு, பேச்சு ஆரம்பித்ததும் காதைக் குச்சியால் குடையத் தொடங்கிவிடுவார்.

அம்மாசி எழுந்தார், துண்டை இடுப்பில் கட்டினார். என்னத்தைச் சொல்ல. தான் இதுவரை யாரிடமும் கைநீட்டி நின்றதில்லை என்றார். சபை 'ஆமா' என்றது, கொட்டை விழுந்தது. தன் அப்பன் கரடி உலாத்திய காலத்தில் இந்தக் கொல்லையைத் திருத்தினார் என்றார். ஆமா, கொட்டை. குஞ்சம்மாளுக்குக் காய்ச்சல் வந்த கதையை வைத்தியர் பேர், கஷாயத்தின் நிறம் உட்பட விஸ்தாரமாகச் சொன்னார். நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆமா என்றார்கள். கிடாவின் இரண்டு கொம்பும் எப்படி வளைந்து நின்றன என்று கையால் காட்டினார், அதற்கு ஒரு கொட்டை. சமவெளிக்காரனுக்கு எப்போதும் அவசரம் என்றார், அதற்கு ஒன்று. இன்று அமாவாசை என்றார். அதற்கும் ஆமா! அமாவாசைதான், யார் இல்லை என்றது? அதற்கும் கொட்டை விழுகிறதைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது.

அவர் உட்கார்ந்தபோது அவர் முறத்தில் பதினோரு கொட்டை. என் முறை வந்தது. எனக்குக் கோபம் வந்தால் நாக்கு முந்திக்கொள்ளும். உங்கள் கிடா ஊரையே தின்று தீர்த்ததே, அதைப் பேச ஒருத்தருக்கும் வாயில்லையா என்று ஆரம்பித்தேன். உள்ளதைத்தான் சொன்னேன். ஆனால் சாமிக் கிடாவைக் குறை சொன்னால் யார் ஆமா போடுவார்கள்? எல்லாரும் மரத்தைப் பார்த்தார்கள். 'சரி, யாரு பாத்தது? இடிச்சத யாரு பாத்தது?' என்று கத்தினேன். கேள்விக்கு ஆமா சொல்ல முடியுமா? பெண்கள் பக்கத்தில் குஞ்சம்மாள் முட்டியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என் முறம் காலியாகவே இருந்தது.

குஞ்சம்மாளைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. வாரா வாரம் சந்தைக்குச் சாமையும் கடுக்காயும் மூட்டை கட்டிக்கொண்டு என் வண்டியில் வருகிறவர். இரண்டு முட்டியிலும் வலி, அதனால் முன்சீட்டு அவருக்குத்தான். உட்கார்ந்ததிலிருந்து இறங்குகிறவரை என் ஓட்டுதலில் குற்றம் கண்டுபிடிப்பார். மூன்று வருஷத்தில் ஒரு நல்ல வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததில்லை.

பதினொன்றுக்குப் பூஜ்யம். இருசப்பன் காதிலிருந்து குச்சியை எடுத்துவிட்டார், தீர்ப்புக்கு அடையாளம் அது. அண்ணியின் முகம் என் கண்முன் வந்து நின்றது. அப்போதுதான் எனக்குப் பி.யூ.சி. ஞாபகம் வந்தது.

பி.யூ.சி.யில் தர்க்கம் என்று ஒரு பாடம் உண்டு. அதில்தான் நான் தோற்றேன். தோற்காமல் என்ன செய்வேன், முதல் வகுப்புக்குப் போனேன், இரண்டாம் வகுப்புக்குப் போகவில்லை. கல்லூரிக்கு எதிரே டூரிங் டாக்கீஸ் இருந்தது என் குற்றமா? ஆனால் அந்த முதல் பாடம் மட்டும் அப்படியே மனசில் இருந்தது. ஒருவன் பேசுவதெல்லாம் வாதம் ஆகிவிடாது. கதை சொல்லலாம், திட்டலாம், பயமுறுத்தலாம், கேள்வி கேட்கலாம், எல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்லி, அதைக் காலாக ஊன்றி இன்னொன்றை நிறுத்தினால்தான் வாதம்.

எழுந்து இருசப்பனைக் கும்பிட்டேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவர் குச்சியை மறுபடி காதுக்குக் கொண்டுபோனார்.

"பெரியவரே, அவரு சொன்னது அத்தனையும் நெசம்தாங்க. நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒவ்வொரு கொட்டையா எடுத்து, 'அதனால?'ன்னு கேட்டுப் பாருங்க. 'அதனால இவன் வண்டிதான் இடிச்சுது'ன்னு வந்து நின்னா கொட்டை இருக்கட்டும். வந்து நிக்கலன்னா எடுத்துடுங்க."

இருசப்பன் காதைக் குடைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் புதிதாக ஒன்றைக் கேட்ட முகம் அது. சரி, செய்து பார்க்கலாம் என்றார். தைலம்மாள் அம்மாசியின் முறத்திலிருந்து முதல் கொட்டையை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தார்.

"அவரு யார்கிட்டயும் கைநீட்டல" என்றேன். "அதனால?"

சபை யோசித்தது. அவர் கைநீட்டவில்லை, அதனால் என் வண்டி இடித்தது. யாரோ ஒரு கிழவர் களுக்கென்று சிரித்தார். தைலம்மாள் கொட்டையைத் தரையில் போட்டார். கரடிக் கொட்டை வந்தது. அப்பன் கரடிக் காலத்தில் கொல்லை திருத்தினார், அதனால்? இந்தத் தடவை என்னோடு சேர்ந்து இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். காய்ச்சல் கொட்டைக்கு அழுத அதே நாலு பேர் மூக்கைச் சிந்திவிட்டு 'அதனால?' என்றார்கள். அமாவாசைக் கொட்டைக்கு ஊரே சேர்ந்து கேட்டது. பாறையில் எதிரொலித்தது. எல்லாருக்கும் குஷி பிடித்துவிட்டது. கோயில் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒற்றைக் கொம்போடு படுத்திருந்த கிடா எழுந்து வந்து, கீழே விழுகிற கொட்டைகளை ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்ன ஆரம்பித்தது. சாமிக் கிடா, யார் விரட்டுவது?

நியாயம் கிடைக்காவிட்டால் காளி சும்மா இருக்க மாட்டாள் என்று அம்மாசி மிரட்டியிருந்தார். மிரட்டலுக்கு 'அதனால?' கேட்டதும் அது பயந்துபோய் இறங்கிவிட்டது. ஜீப் இடித்திருந்தால் கொம்பு போகும் என்று ஒன்று சொல்லியிருந்தார். இடித்திருந்தால் போகும்தான். மரத்தில் முட்டியிருந்தாலும் போகும், பாறையில் விழுந்திருந்தாலும் போகும். 'இருந்தால்' என்பது 'இருக்கிறது' ஆகிவிடுமா என்று கேட்டேன். அதுவும் போனது.

பத்தாவது கொட்டையில்தான் கொஞ்சம் தகராறு வந்தது. கொம்பு ஏன் ஒடிந்தது என்றால், ஜீப் இடித்ததால் ஒடிந்தது என்று அம்மாசி சொல்லியிருந்தார். ஜீப் இடித்ததால் கொம்பு ஒடிந்தது, அதனால் ஜீப் இடித்தது. வந்து நிற்கிறதே என்று அம்மாசி குதித்தார். எங்கே வந்து நிற்கிறது, புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது என்றேன். எதைக் காட்ட வேண்டுமோ அதையே முதலில் போட்டுக்கொண்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்துவிட்டேன் என்றால்? செக்கு மாடு கூடத்தான் நாளெல்லாம் நடக்கிறது. இருசப்பன் வாய்விட்டுச் சிரித்தார். தைலம்மாள் கொட்டையைக் கிடாவின் வாய்க்கு நேராகவே நீட்டிவிட்டார்.

அம்மாசியைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? பொய். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படிப்பில் என்னைத் தோற்கடித்த தர்க்கம் மலையில் வந்து எனக்குக் கைகொடுக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

பதினோராவது கொட்டை. தைலம்மாள் தூக்கிப் பிடித்தார். அன்று விடிகாலையில் அந்தப் பாதையில் வந்த வண்டி ஒன்றே ஒன்றுதான், ஒடிந்த கொம்பு கிடந்தது புதுச் சக்கரத்தடத்தின் மேலேயே என்று அம்மாசி சொன்னது அது. பேச்சு வெள்ளத்தில் இது ஒன்று கலந்திருந்ததை நானே கவனிக்கவில்லை. ஊர் உற்சாகமாக 'அதனால?' என்றது. சொல்லி முடித்ததும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அதனால் என்ன என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தைலம்மாள் கொட்டையைத் திரும்ப முறத்திலேயே வைத்தார். டொக் என்று ஒரு சத்தம்.

ஒன்றுக்குப் பூஜ்யம். பதினொன்றுக்குப் பூஜ்யத்தைவிட இது மோசம். பதினொன்றில் பத்து வெறும் சத்தம். இந்த ஒன்று கெட்டி.

இரண்டு கொட்டை வேண்டும், குறைந்தது ஒன்றாவது வேண்டும், சமமாகிவிட்டால் தீர்ப்பு அடுத்த அமாவாசைக்குத் தள்ளிப்போகும். எதைச் சொன்னால் இந்த ஊர் ஆமா போடும் என்று மனசு பரபரத்தது. வாய் முந்திக்கொண்டது. அன்றைக்கு இருந்த பனி உங்களுக்குத் தெரியாதா, நீட்டின கை எனக்கே தெரியவில்லை என்றேன். எல்லாரும் 'ஆமா, பனிதான்' என்றார்கள். பலாமரத்து வளைவு எப்படிப்பட்டது, மாட்டு வண்டியே நின்றுதானே திரும்பும் என்றேன். ஆமா. ராத்திரியெல்லாம் பெய்த பனியில் பாதை எண்ணெய் தேய்த்த மாதிரி கிடந்தது என்றேன். ஆமா, ஆமா. மூன்று கொட்டை. எனக்கு உயிர் வந்தது. தைலம்மாள் மூன்று கொட்டையை எடுத்து என் முறத்துக்கு மேலே கொண்டுவந்தார். கை அப்படியே நின்றது.

வாய் திறக்காதவர் என்றேனே, அந்த அம்மாள் வாயைத் திறந்தார்.

"பனி ஜாஸ்தி. வளைவு. பாதை வழுக்குது" என்றார் நிதானமாக. "அதனால?"

நானும் சட்டென்று, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற நல்ல மாணவனாக, "அதனாலதாங்க இடிச்சிடுச்சு" என்றேன்.

கிடா கொட்டை கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அது இதுதான். பிறகு ஊருக்குப் போனபோது பரணிலிருந்து அந்தத் தர்க்கப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். இரண்டாம் பாடம். நடந்தது ஏன் நடந்தது என்று விளக்குவது வேறு, நடந்தது என்று நிலைநாட்டும் வாதம் வேறு. விளக்குகிறவன் அது நடந்ததை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறான். நம் ஊரில் இதைச் சப்பைக்கட்டு என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள். டாக்கீஸில் அன்றைக்கு என்ன படம் ஓடியது என்றுகூட எனக்கு நினைவில்லை.

தைலம்மாள் மூன்று கொட்டையையும் மடியில் போட்டுக்கொண்டார். இருசப்பன் குச்சியை எடுத்துத் தரையில் வைத்தார். முடிந்தது. டைவரே ஒப்புக்கொண்டுவிட்டார், வண்டி இடித்தது தீர்ந்தது, ஆகவே இனிமேல் வண்டி எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கத்தில் காது சுட்டது. கோபம் வரவில்லை. யார்மேல் வரும்? என்மேல்தான் வர வேண்டும்.

அப்போது பெண்கள் பக்கத்தில் குஞ்சம்மாள் ஒரு கையை முட்டியில் ஊன்றி, 'அம்மா' என்று முனகிக்கொண்டே எழுந்தார்.

"இருங்க பெரியவரே. வண்டி கெடாவ இடிச்சுது. செரி. அதனால நான் எதுக்கு நடக்கணும்?"

அம்மாசி திரும்பி மனைவியைப் பார்த்தார். இது என்ன கேள்வி, கொம்பு போய்விட்டதே என்றார். கொம்பு போய்விட்டது, அதனால் என்றார் குஞ்சம்மாள். கொம்பு போனதால் சாமிக்கு ஆகாது. சாமிக்கு ஆகாது, அதனால்? அம்மாசி துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். ஆகாததால் சாமிக்கு வேறு கிடா விட வேண்டும் என்றார்.

"வேற கெடா வுடணும். அத்தச் சொல்லு. அதுல எங்க வந்துச்சு எல்லைக்கல்லு? கெடாவுக்குக் கொம்பு போனா எனக்கு முட்டி போவணுமா? மூட்டைய நீ தூக்கிக்கினு வர்றியா பதினோரு கிலோமீட்டரு?"

பெண்கள் பக்கம் முழுவதும் 'ஆமா' என்றது. அந்த ஆமாவுக்கு யாரும் கொட்டை வைக்கச் சொல்லவில்லை. தைலம்மாளாகவே மடியிலிருந்த மூன்றையும் எடுத்து என் முறத்தில் போட்டார். அது முறையா என்று யாரும் கேட்கவும் இல்லை.

தீர்ப்பு மாறியது. நான் ஒரு குறையில்லாத குட்டியை வாங்கிக் காளிக்கு விட வேண்டும். கொம்பு ஒடிந்த கிடாவைச் சாமி வேண்டாமென்றதால் அது ஊரிலும் இருக்கக் கூடாது, வெட்டவும் முடியாது, விற்கவும் முடியாது, ஆதலால் கொம்பை ஒடித்தவனே கடைசிவரை வைத்துச் சோறு போட வேண்டும் என்றார் இருசப்பன். நான் கைதூக்கி, 'அதனால?' என்று இழுத்தேன். ஊரே என்னை முறைத்தது. கையை இறக்கிக்கொண்டேன். நாலு வருஷமாக அது தின்ற சாமைக்கெல்லாம் அன்றைக்குத்தான் அந்த ஊர் பழிவாங்கியது.

அன்று மதியமே குஞ்சம்மாளுக்கு வெள்ளிமலையில் வேலை இருந்தது. முன்சீட்டில் ஏறினார். பின்னால் கிடா ஏறியது, ஏற்றவே வேண்டியதில்லை, என்னவோ டிக்கெட் எடுத்தவன் மாதிரி தானாக ஏறி உட்கார்ந்தது. ஊர் கண்ணைவிட்டு மறைகிறவரை கண்ணாடியில் கிடாவைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.  என் பிழைப்பையே காப்பாற்றிக் கொடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, கிளட்சை இப்படியா மிதிப்பது என்று திட்டிக்கொண்டிருந்தார்.

நீங்கள் மட்டும் எழுந்து பேசாவிட்டால் என் கதி என்னவாகியிருக்கும் என்று மெதுவாக ஆரம்பித்தேன். உனக்காக ஒன்றும் பேசவில்லை, வந்து நிற்காததை வந்து நின்றது என்று சொன்னார்கள், அதனால் கேட்டேன் என்றார். அதோடு விட்டிருக்கலாம். விட்டால் அது நானா? ஆனாலும் சபையில் நான் பொய் சொல்லவில்லை அக்கா, யாரு பாத்தது என்றுதான் கேட்டேன் என்றேன்.

"நான் பாத்தேன்."

 வண்டியை ஓரங்கட்டினேன்.

"பலா மரத்துக்கு அந்தாண்ட பொதருல ஒதுங்கியிருந்தேன். அந்நேரத்துல எழுந்து நிக்கவா முடியும்? நீ எறங்குனது, தண்ணி ஊத்திக் கழுவுனது, முதுவத் தடவிக் குடுத்தது, அப்புறம் திருடனாட்டம் நாலு பக்கமும் பாத்தது, எல்லாத்தையும் உன் வண்டி லைட்டு வெளிச்சத்துல பாத்தேன்."

அப்படியென்றால் சபையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 

"தடவிக் குடுத்தவன் ஆச்சே, நீயா சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றார் குஞ்சம்மாள். "நீ ஒவ்வொருவாட்டி யாரு பாத்ததுன்னு கேக்கறப்பவும் பாத்துக்கினுதான் இருந்தேன்."

  பத்துக் கொட்டையைப் பிடுங்கிக் கிடாவுக்குப் போட்டவன், ஒரு வார்த்தை 'ஆமாம், நான்தான்' என்று சொல்லியிருந்தால் முறமே தேவைப்பட்டிருக்காது. அதை நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. இருப்பதிலேயே சுலபமான வார்த்தை அது, பி.யூ.சி. கூட வேண்டாம்.

"மன்னிச்சுடுக்கா" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல், எதிரே பாதையைப் பார்த்துக்கொண்டு, "அதனால?" என்றார்.

 இந்தத் தடவை வாயை முந்தவிடவில்லை.

"அதனால இனிமே ஒவ்வொரு வளைவுலயும் ஹாரன் அடிச்சுக்கினுதான் போவேன். யாரும் கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லுவேன்."

"போ" என்றார்.

அதனால்தான் இந்தக் கதையின் முதல் வரியில் கிடாவை இடித்தது என் ஜீப்தான் என்று சொன்னேன். வண்டியை எடுத்தேன். பலாமரத்து வளைவு வந்தது, ஹாரனை அழுத்தினேன். பின்சீட்டிலிருந்து கிடாவும் ஒரு குரல் கொடுத்தது. இப்போதும் கொடுக்கிறது, ஒவ்வொரு வளைவிலும். குஞ்சம்மாள் அதன் குரல் என் ஹாரனைவிடப் பரவாயில்லை என்கிறார்.